சம்பந்தியைப் பிடுங்கி எரிக்கச் சொன்னது நானல்ல

வியாழக்கிழமை தொடங்கி திங்கட்கிழமை முடித்தது

பெருமதிப்பிற்கும் என் தனிப்பட்ட மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கு நான், என் மனைவி, மகன், உங்கள் மகளாகிய என் மருமகள் எல்லாரும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தி அம்மாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் உடம்பைப் பற்றி இனி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரக்கூடாது என்று டாக்டர் மேசைத் தொலைபேசியிலேயே நீங்கள் சொல்லிவிட்டதால், நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் வெட்டினீர்கள். ஐந்தாவது முறை சம்பந்தி அம்மா எடுத்து, "அவர் வெளியில போயிருக்காருங்க" என்றார்கள். பின்னாலிருந்து, "நான் இல்லேன்னு சொல்லு!" என்ற குரல் வந்தது. எனக்கு ஒரு காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காதுக்கே கேட்டது என்றால், நீங்கள் எவ்வளவு சத்தமாக வீட்டில் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே போன் வேண்டாம் என்று கடிதத்துக்கு வந்தேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறவன்கூட ஒரு வரி படித்துவிட்டுத்தான் கிழிப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். மருமகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் என்கிறார் டாக்டர். இந்த நேரத்தில், "அந்த மனுஷன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், பேரப்பிள்ளைய போட்டோவுல பாத்துக்கறேன்" என்று நீங்கள் சொன்னதாக அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. கையிலிருந்த துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், மேற்கொண்டு மடிக்க இடமில்லாமல் உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான், அடுத்தவர் பிழையைத் திருத்தியே வயிறு வளர்த்தவன். என் பிழையை நானே திருத்துவது இதுதான் முதல் தடவை. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுச் செம்பருத்திகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெளிக் கேட்டிலிருந்து பின்சுவர் வரை வரிசையாக ஐந்து. ஓய்வு பெற்ற மறுநாள் அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிய அட்டை கட்டித் தொங்கவிட்டேன். என் மனைவிக்கு எண் ஒத்துவரவில்லை. "மூணுக்குத் தண்ணி ஊத்தியாச்சா, நாலுக்கு எரு வெச்சாச்சான்னு கேட்டா, ஏதோ ஆஸ்பத்திரியில வேலை பாக்கற மாதிரி இருக்குங்க" என்றாள். யார் கொடுத்த செடியோ அவர் பேரையே சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். மகன் கொண்டுவந்தது 'மகன்'. மருமகள் தொட்டியோடு தூக்கி வந்தது 'மருமகள்'. கல்யாணப் பேச்சு முடிந்த அன்று நீங்கள் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த குச்சி, இன்று என் தோள் உயரம் வளர்ந்து அடுக்கு அடுக்காக ஆரஞ்சுப் பூ பூப்பது 'சம்பந்தி'. கூடவே சம்பந்தி அம்மா கொடுத்த வெள்ளைப்பூச் செடி 'சம்பந்தி அம்மா'. கேட்டுப் பக்கத்தில் முதலாவதாக நிற்கும் பெரிய சிவப்பு, பதினெட்டு வருடமாக நான் வளர்ப்பது. அதை மருமகள் 'மாமா' என்பாள். உங்கள் செடியை என் செடிக்கு அடுத்து, இரண்டாவது இடத்தில் வைத்திருந்தேன். இது மரியாதையா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். தன் பேரில் ஒரு செடிகூட இல்லை என்று என் மனைவிக்குத்தான் குறை. நடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் குறையும் அவளுக்கு இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நான் கிளை வெட்டுவேன். கேட்டில் ஆரம்பிப்பேன். முதலில் என் செடி, அடுத்து உங்கள் செடி, அத்தோடு கை ஓய்ந்துவிடும். பதினெட்டு வருடமாக ஒரே கத்தரி. எண்ணெய் போட்டு வைப்பேனே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டதில்லை, துருப்பிடித்துவிடும் என்று. 'மகன்', 'மருமகள்' இரண்டையும் மருமகள் என்னைத் தொடவே விடமாட்டாள். அவளிடம் கைக்கு அடக்கமாக ஒரு சின்னக் கத்தரி இருக்கிறது. ஒரு செடியை வெட்டியதும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போவாள். "ஏம்மா, செடிக்கு ஆபரேஷனா பண்றே?" என்று நான் சிரித்திருக்கிறேன். 'சம்பந்தி அம்மா'வை யாருமே வெட்டுவதில்லை. அது பின்சுவரோரம் தன் பாட்டுக்கு நிற்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் உங்கள் செடியின் இலைகளில் மஞ்சளாகப் புள்ளி தெரிந்தது. நான் சத்துக்குறைவு என்று முடிவு கட்டினேன். எரு வைத்தேன். புள்ளி போகவில்லை. வெயில் என்று சொல்லி, பழைய போர்வையைக் கட்டி நிழல் செய்தேன். தெருவில் போகிறவர்கள் யாருக்கோ குளிக்க மறைப்பு கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களே தவிர, புள்ளி போகவில்லை. கடைசியில் மருமகள்தான் ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "மாமா, சத்துக்குறைன்னா நரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும். இது பாருங்க, வளையம் வளையமா, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு. இது வைரஸ் மாதிரி தெரியுது" என்றாள். நான் புரூஃப் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். பச்சை நடுவில் மஞ்சள் வளையம், அதற்குள்ளே மறுபடி பச்சை. அச்சில் மை ஒட்டாமல் விட்ட இடம்போல இருந்தது. அந்தச் செடியில் புதிதாக விட்ட இலையிலும் அதே வளையம் இருந்தது. மூலத்தில் ஒரு பிழை இருந்தால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழைதான் வரும் என்பது எனக்குத் தெரியாதா?

கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது, சோதித்தால்தான் உறுதி என்றாள் மருமகள். செடிகளுக்கு வைரஸ் பார்க்கும் ஆய்வகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அங்கே ஒரு அம்மா; பேச்சு கறார், ஆனால் விஷயம் தெரிந்தவர். அவர் போனில் சொன்னபடி ஒவ்வொரு செடியிலும் மூன்று இலை பறித்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே பேர் எழுத வேண்டும். இலையை நசுக்கிச் சாறெடுத்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விட்டு, ஏதோ மருந்துகள் சேர்ப்பார்களாம். குழி மஞ்சளானால் வைரஸ் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் இல்லை. "இளசா, நல்லா விரிஞ்ச இலையா பாத்துப் பறிங்க சார்" என்று இரண்டு தடவை சொன்னார். நான்தான் 'சம்பந்தி அம்மா'வுக்கு முன்னால் குனிய முடியாமல் கைக்கு எட்டிய பழுத்த இலையைப் பறித்தேன். இது என் முதல் பிழை.

இரண்டாவது பிழை, ஒரு சொல்லை விட்டது. உறையில் ஒட்டும் காகிதம் விரல் அகலம்தான். அதில் 'சம்பந்தி கொடுத்த செம்பருத்திச் செடி' என்று எழுத இடமில்லை. 'சம்பந்தி' என்று எழுதினேன். 'சம்பந்தி அம்மா' என்று எழுதினேன். 'செடி' என்ற இரண்டே இரண்டு எழுத்தை எழுதியிருந்தால் இன்று இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. என் கீழ் வேலை பார்த்த யாராவது இப்படி ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் நான் அன்று முழுக்க அவனிடம் பேசியிருக்க மாட்டேன்.

மூன்றாவது பிழை, மரியாதை. பட்டியலில் மகனையும் மருமகளையும் எழுதிவிட்டு உங்களைக் கீழே எழுதினால் நன்றாக இருக்குமா என்று யோசித்து, உங்களை முதலில் போட்டேன். நான்காவது, முடிவு சொல்ல இரண்டு எண் கேட்டார்கள். என்னுடையதைக் கொடுத்தேன். இரண்டாவதாக, "எந்தக் காரியம்னாலும் எங்க ஊர்ல என் நம்பரைக் குடுங்க, யோசிக்காதீங்க" என்று கல்யாணத்தன்று என் தோளைப் பிடித்து நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. நான் யோசிக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

என் செடியின் இலையை ஏன் அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மருமகளும் கேட்டாள். தேவையில்லாததால் அனுப்பவில்லை. பதினெட்டு வருடத்துச் செடி, தங்கம் மாதிரி நிற்கிறது. பார்த்தாலே தெரிகிறது. பத்தரைமாற்றுத் தங்கத்தை யாராவது உரசிப் பார்ப்பார்களா? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த குச்சி எது, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் ஊரறிந்தது. இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

அடுத்து நடந்ததை மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேரப்பிள்ளையைத் தூக்குவதற்கு முன் எல்லாச் சோதனையும் செய்துகொள்ளுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதால், நீங்கள் முந்தின வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தினம் ஐந்து மைல் நடக்கிறவர், காய்ச்சல் என்றால் என்ன நிறம் என்று கேட்கிறவர், மகளுக்காகக் கையை நீட்டியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலை உங்கள் போனில் இந்த வரி வந்து விழுந்திருக்கிறது:

"சம்பந்தி: வைரஸ் தொற்று உறுதி. சிகிச்சை கிடையாது. உடனே தனிமைப்படுத்தவும். மேலும் படிக்க..."

நீங்கள் மேலும் படிக்கவில்லை. யார்தான் படிப்பார்கள்? சோதனைக்கு ஏற்பாடு செய்ததே மகள் என்பதால், அவள் வீட்டில் விசாரித்து 'சம்பந்தி' என்று எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டீர்கள். வீட்டில் யாரிடமும் விவரம் சொல்லாமல் ஒரு போர்வையையும் தண்ணீர்க் கூஜாவையும் எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். சம்பந்தி அம்மா சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு, "என்னங்க ஆச்சு, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று கேட்டதற்கு, "கிட்ட வராதே, தூரப் போ" என்றீர்களாம். இரண்டு நாள். திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க.

இந்த இடத்தில் நான் வேடிக்கையாக எழுத மாட்டேன். அந்த இரண்டு நாளும் நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறவன். பிள்ளை பிறந்தால் தூக்க முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்திருப்பீர்கள். கதவிடுக்கு வழியாகச் சம்பந்தி அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்களாம்: "பிள்ள பொறந்தா மொதல்ல யார் கையில குடுப்பாங்க?" மருமகள் இதைச் சொன்னபோது நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். ஒரு சொல்லை விட்ட பாவம், சம்பந்தி. என் மனசார எழுதுகிறேன், அது பெரிய பாவம்.

புதன்கிழமை சம்பந்தி அம்மா உங்களை வலுக்கட்டாயமாக டாக்டரிடம் கூட்டிப்போக, அந்த நல்ல மனிதர் உங்கள் போனை வாங்கி 'மேலும் படிக்க' என்பதை அழுத்தியிருக்கிறார்.

"வேரோடு பிடுங்கி எரிப்பது நலம். தொட்ட கைகளையும் கருவிகளையும் சோப்பு நீரில் கழுவவும். சம்பந்தி அம்மா: மிகவும் முற்றி, வதங்கிய நிலையில் வந்து சேர்ந்தது. எதற்கும் உதவாது. இதைவிட இளசாக வேறு அனுப்பவும். மகன், மருமகள்: தொற்று இல்லை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயா, உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா உங்களுக்கு வேர் இருக்கா?" என்று கேட்டாராம்.

அந்த நிமிடமே நீங்கள் டாக்டர் மேசையில் இருந்த தொலைபேசியிலிருந்து எனக்குப் பேசினீர்கள். அங்கேதான் விதி விளையாடியது. எண் புதிது, ஊர்க்குறியீடு ஆய்வகத்தினுடையது. மதியம் ஆய்வகத்திலிருந்து பேசுவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்த நேரம். போதாக்குறைக்கு மந்தக் காதில் வைத்துவிட்டேன். கோபத்தில் உங்கள் குரல் மெல்லியதாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதுவரை நீங்கள் என்னிடம் கோபித்துக்கொண்டதே இல்லை.

"ரிப்போர்ட் பாத்தேன். சம்பந்தி விஷயமா பேசணும்" என்றீர்கள்.

"சொல்லுங்க சொல்லுங்க! எனக்கு ரொம்ப நாளாவே சம்பந்தி மேல சந்தேகம்தாங்க. வெளியில பாக்கத் தளதளன்னு இருக்கும். உள்ளுக்குள்ள பூரா நோய்."

ஆய்வகத்தில் குறித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"அப்புறம்?" என்றீர்கள்.

"அப்புறம் என்ன, சாயங்காலம் பிடுங்கிடலாம்னு இருக்கேன். தனியா ஆகாது. அடி பெருத்துப் போச்சு, ரெண்டு பேர் பிடிச்சாத்தான் அசையும்."

"சம்பந்தி அம்மா?"

"அத விட்டுடலாங்க, பாவம். பூத்து ரெண்டு வருஷமாச்சு. இனிமே பூக்கும்கிற நம்பிக்கையும் எனக்கில்ல. ஒரு மூலையில கெடந்துட்டுப் போகட்டும். ஆமா, சம்பந்திய எரிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டுமா?"

அதன்பிறகு நீங்கள் சொன்னதை நல்ல காதுக்கு மாற்றிக் கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இரண்டு காதாலும் சேர்த்துக் கெட்டேன்.

அன்று மாலை மண்வெட்டியோடு உங்கள் செடிக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு முன்பே மருமகள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு, கையில் புத்தகம். "எங்கப்பா குடுத்த செடி மாமா. கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "நோய் பரவுமேம்மா" என்றேன். "பரவாம பாத்துக்கலாம்" என்றாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து தினம் மாலை அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் செடி நோயோடு பூக்கிறது. நேற்று மூன்று பூ, ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத அளவு.

ஆகவே சம்பந்தி அவர்களே, நடந்தது இவ்வளவுதான். எரிக்கச் சொன்னது ஆய்வகம். முற்றியது இலை. பூக்காதது செடி. நானாகச் சொன்னது 'தளதள' என்ற ஒரு சொல்தான், அது புகழ்ச்சி. உங்கள் வீட்டுக் குச்சியோடு வந்த நோயை நான் பெரிதுபடுத்தவில்லை, மனதார மன்னித்துவிட்டேன். நீங்களும் என் வாயோடு வந்த வம்பை மன்னித்துவிட வேண்டும். இதற்கும் அதற்கும் சரியாகப் போய்விடும். மூன்று வாரத்துக்குள் வந்துவிடுங்கள். பிள்ளையை முதலில் உங்கள் கையில்தான் கொடுப்பது என்று என் மனைவி தீர்மானித்துவிட்டாள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அவள் தீர்மானித்ததை இந்த வீட்டில் யாரும் புரூஃப் பார்ப்பதில்லை.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கமும், இலை விஷயத்தில் என் தனி மன்னிப்பும். உங்கள் கால்கள் நீடு நடக்கட்டும், உங்கள் ரத்தம் எப்போதும்போல் குறையின்றி இருக்கட்டும், உங்கள் கோபம் இந்தக் கடிதம் மடித்திருக்கும் மடிப்போடு மடிந்து போகட்டும்.

என்றும் தங்கள் அன்பை நம்பி வாழும்,
சம்பந்தி (மனிதன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மேலே எழுதியதெல்லாம் தலைகீழாகிவிட்டது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், "அப்படியே அனுப்புங்க மாமா, அப்பா சிரிக்கணும்" என்கிறாள் மருமகள். திருத்தம் மட்டும் எழுதுகிறேன்.

நான் அனுப்பாத என் செடியின் இலையை அவள் எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள், 'மாமா' என்று பேரெழுதி. அது மட்டுமல்ல. உங்கள் கொல்லையில் நிற்கும் தாய்ச்செடி, அதாவது என் வீட்டுக்கு வந்த குச்சியை நீங்கள் வெட்டிய அதே செடி, அதன் இலையைச் சம்பந்தி அம்மா பறித்துக்கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாமல். இளசாகவே பறித்தார்களாம். இன்று காலை முடிவு வந்தது. உங்கள் தாய்ச்செடி: தொற்று இல்லை. மாமா: தொற்று உறுதி.

நம்பாமல் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன், நல்ல காதில் வைத்துக்கொண்டு. "தட்டுலயே ரொம்ப அடர்த்தியா மஞ்சளானது மாமாதான் சார்" என்றார் அந்த அம்மா. "என் செடியில ஒரு புள்ளிகூட இல்லையேம்மா?" என்றேன். "சில செடி வெளியில காட்டிக்காது சார். உள்ள வெச்சுக்கிட்டே நல்லா நிக்கும். எந்தக் கத்தரியில வெட்டறீங்க? செடிக்குச் செடி கழுவறீங்களா?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாகத் தண்ணீர் படாத கத்தரியைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வேன்? ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு முதலில் என்னை வெட்டி, அதே கத்தரியோடு நேரே உங்களிடம் வந்திருக்கிறேன். உங்கள் குச்சி எந்தக் குறையும் இல்லாமல்தான் என் வீட்டுக்கு வந்தது, சம்பந்தி. நோயைக் கொடுத்தவன் நான். மேலே 'மன்னித்துவிட்டேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'மன்னியுங்கள்' என்று படித்துக்கொள்ளவும். 'தங்கம்' என்று இருக்கும் இடத்தை அடித்துவிடவும்.

நல்ல செய்தியும் உண்டு. மருந்து இல்லையே தவிர, இந்த நோயால் செடி செத்துப்போகாதாம். தனியாகப் பிரித்து வைத்து, கழுவிய கத்தரியால் வெட்டி, குச்சி மட்டும் யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் பல வருடம் பூக்குமாம். தொற்று உள்ள இரண்டு செடிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் புதிதாக ஒரு கெடுதலும் இல்லையாம். ஆகவே உங்களையும் என்னையும் பின்சுவரோரம் ஒன்றாக நடப்போகிறோம். 'சம்பந்தி அம்மா' முன்னால் கேட்டுக்கு வருகிறார்கள். இன்று பார்த்தால் ஒரு மொட்டு விட்டிருக்கிறது. 'மருமகள்' செடியிலிருந்து எடுத்து வைத்த ஒரு குச்சி சின்னத் தொட்டியில் துளிர்த்திருக்கிறது. அதன் இலையையும் சோதித்தாகிவிட்டது, தொற்று இல்லை. அதற்கு அட்டை கட்டினேன். பேர் எழுத மருமகள் விடவில்லை. அப்பா வந்து எழுதட்டும் என்கிறாள்.

இரண்டு பேராகப் பிடித்தால்தான் உங்கள் செடி அசையும் என்று சொன்னேன் இல்லையா? என்னோடு பிடிக்க ஆள் நீங்கள்தான். வரும்போது ஒரு கத்தரியும் கொண்டுவாருங்கள். என்னுடையதை மருமகள் பறிமுதல் செய்துவிட்டாள்.